வாடும் முன்பே வளர்ச்சி நின்றுவிடும்

நேயர்களுக்கு வணக்கம்.

‘மழை வழக்கமான அளவு பெய்ததே, பிறகு ஏன் செடி தேறவில்லை?’ என்று பலர் கேட்கிறார்கள். வருடத்துக்கு எவ்வளவு மழை என்ற கணக்கு செடிக்கு வேண்டாம். வேர் எட்டும் ஆழத்தில் இன்று ஈரம் உண்டா, அதை இழுக்க முடிகிறதா, அவ்வளவுதான் அதன் கவலை. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. பெய்யாத நாட்களில் மண்ணையும் இலையையும் உறிஞ்சி எடுக்கிறது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் கொன்சா புல்வெளியில் இதைச் சோதித்தார்கள். மழைக்கும் மழைக்கும் இடைவெளியை ஒன்றரை மடங்காக நீட்டி, தேக்கிவைத்த நீரை மொத்தமாக விட்டார்கள். மொத்த நீரில் ஒரு சொட்டுகூடக் குறைக்கவில்லை. ஆனாலும் புல்லின் வளர்ச்சி குறைந்தது. 2002-இல் முடிவு வெளிவந்தது.

ஏன் குறைந்தது? இலை வளர்வது என்றால் இளம் செல்கள் உள்ளே நீரை நிரப்பி, தம் சுவரைத் தள்ளி விரிவது. அந்த அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலே விரிவது நின்றுவிடும். இலைத்துளைகள் மூடுவது அதற்குப் பிறகு. வாடுவது அதற்கும் பிறகு. வாடிய இலையைப் பார்த்துத் தண்ணீர் விடுகிறவர், வளர்ச்சி நின்று சில நாள் கழித்து வருகிறார் என்று அர்த்தம். மறுபடியும் சொல்கிறேன்: வாடும் முன்பே வளர்ச்சி நின்றுவிடும்.

மண்ணில் உள்ள நீர் எல்லாம் ஒன்றல்ல. ஈரத்துணியைப் பிழிகிறோமே, முதல் நீர் தானாக வரும். கடைசி ஈரம் எவ்வளவு முறுக்கினாலும் வராது. வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 15 மடங்கு விசையோடு மண் நீரைப் பிடித்துக்கொள்ளும் நிலையில், பெரும்பாலான பயிர்கள் நிரந்தரமாக வாடிவிடும். ஒரு மீட்டர் ஆழமுள்ள வண்டல் கலந்த மண், செடிக்கு உதவக்கூடிய நீராகச் சுமார் 150 மில்லிமீட்டர் வைத்திருக்கும். மணல் மண்ணில் அதில் பாதி இருந்தாலே பெரிது. வேர் 30 சென்டிமீட்டர் வரைதான் போகிறது என்றால் கையிருப்பு 45 மில்லிமீட்டர். பாதிக்குக் கீழே இறங்க விடக்கூடாது என்று வைத்தால் 22 மிச்சம். சுடுவெயிலில் செடி நாளுக்கு 5, 6 மில்லிமீட்டர் குடிக்கும். நான்கே நாள்! ஒரு மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர்.

இங்கே ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயரைச் சொல்லியே ஆக வேண்டும். 1724-இல் ஒரு மீட்டர் உயர சூரியகாந்தியைத் தொட்டியில் வைத்து, மண்ணின் மேல்பரப்பை ஈயத் தகட்டால் மூடி, காலையும் மாலையும் எடைபோட்டார். பகலில் சராசரியாக அரைக் கிலோவுக்குச் சற்று மேல் நீர் இலை வழியே போனது. பனி விழும் இரவில் எடை குறையவே இல்லை; சில நாள் கூடியது. ஒரு தராசுதான் அவருக்குக் கருவி.

உங்கள் வீட்டுத் தொட்டிக்கும் அதே தராசு போதும். அடியில் வடியும்வரை தண்ணீர் ஊற்றி, வடிந்து முடிந்ததும் எடைபோடுங்கள். 6 கிலோ என்று வைப்போம். பிறகு தண்ணீர் விடாமல் தினமும் விடியலில் பாருங்கள். வெயில் ஏறும் முன்பே இலை தொய்ந்திருந்தால் அந்த எடை கீழ் எல்லை, 4.8 கிலோ என்போம். வித்தியாசம் 1.2 கிலோ, அதாவது 1.2 லிட்டர். 5.4 கிலோவுக்கு வரும்போதே ஊற்றிவிடுங்கள். மதியத்தில் தொய்வதை நம்பாதீர்கள். ஈரமான மண்ணிலும் உச்சிவெயிலில் இலை தொய்யும். செடி பெரிதானால் அளவைப் புதிதாக எடுக்க வேண்டும். இன்னொன்று: மிகக் காய்ந்த மண் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும். மேலிருந்து ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கில் ஓடி அடியில் வந்துவிடும், நடுவில் மண் காய்ந்தே கிடக்கும். அப்போது தொட்டியைத் தண்ணீரில் அரைமணி நேரம் அமுக்கி வையுங்கள்.

காய்ந்து காய்ந்து நனைவதால் வரும் கோளாறு தக்காளியில் நன்றாகத் தெரியும். வறட்சியில் தோல் இறுகும், திடீர் நீரில் உள்சதை உப்பும், பழம் வெடிக்கும். காயின் அடி கறுப்பதும் பெரும்பாலும் இதனால்தான். சுண்ணாம்புச் சத்து நீரோடுதான் பயணிக்கும். ஓட்டம் விட்டுவிட்டு வந்தால் காயின் நுனிக்கு எட்டாது. பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்பு போட்டுப் பயனில்லை, ஈரத்தைச் சீராக்க வேண்டும்.

நேரம் நெருங்குகிறது என்று சைகை காட்டுகிறார்கள். நீர் தேங்குவதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். வேர் மூச்சுத்திணறி நீரை இழுக்க முடியாமல் போகும். தண்ணீரில் நின்றபடியே செடி வாடும். அதைப் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, முதலில் வடிகாலைத் திறந்துவிடுங்கள்.

கடைசியாக மூடாக்கு, அதாவது ஈரம் காயாமல் மண்ணை மேலே மூடுவது: காய்ந்த இலை, வைக்கோல் எதுவானாலும் 5 முதல் 8 சென்டிமீட்டர் பருமன், மண் ஈரமாக இருக்கும்போது. தண்டை ஒட்டிப் போட்டால் அழுகல் வரும், நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். நன்றி, வணக்கம்.