ஏறும்போது நனையலாம், இறங்கும்போது வேண்டாம்: யோசெமிட்டியின் மிஸ்ட் டிரெயில்

[காட்சி: நனைந்த கருங்கல் படிகள். மேலே எங்கிருந்தோ ஓர் இரைச்சல்.]

இந்தப் படிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அதில் பாதி. அளவெடுத்துச் செதுக்கியவை அல்ல. பாறைத் துண்டுகளை அடுக்கி வைத்தவை. வெயில் காயும் நாளிலும் மழை பெய்து ஓய்ந்ததுபோல் ஈரமாகக் கிடக்கின்றன. இப்படி 600-க்கும் மேற்பட்ட படிகள் ஏறினால்தான் வெர்னல் அருவியின் தலையைத் தொட முடியும்.

இடம், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்கா. பாதையின் பெயர் மிஸ்ட் டிரெயில். மிஸ்ட் என்றதும் பனிமூட்டம் நினைவுக்கு வரலாம். அது இல்லை. தமிழில் இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: சாரல்.

[காட்சி: பள்ளத்தாக்கின் வரைபடம். மெர்செட் ஆறு நீலக் கோடாக.]

மெர்செட் ஆறு பள்ளத்தாக்குக்குள் இறங்கும் இடத்தில் இரண்டு முறை குதிக்கிறது. மேலே நெவாடா அருவி, 594 அடி. கீழே வெர்னல், 317 அடி. நடுவில் ஓரளவு சமதரை. தூரத்திலிருந்து பார்த்தால் ராட்சதனுக்காகக் கட்டிய இரண்டு படிகள் மாதிரி இருக்கும். இதை ஜெயன்ட் ஸ்டேர்கேஸ், அதாவது ராட்சதப் படிக்கட்டு, என்றே சொல்கிறார்கள்.

கட்டியது பனியாறு. இங்குள்ள கிரானைட் பாறையில் சில இடங்களில் விரிசல்கள் நெருக்கமாக இருந்தன. அங்கே பனியாறு பாறையைத் துண்டு துண்டாகப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போனது. செங்குத்துச் சுவர் மிஞ்சியது. விரிசல் இல்லாத இடத்தில் பெயர்க்க முடியாமல், மேலே தேய்த்தபடியே நகர்ந்தது. அந்தத் தேய்ப்பில் பாறை கண்ணாடிபோல் வழவழப்பானது. இந்த வழவழப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

[காட்சி: ஹேப்பி ஐல்ஸ் பேருந்து நிறுத்தம், எண் 16.]

நடை தொடங்குவது ஹேப்பி ஐல்ஸில். பூங்காவின் ஷட்டில் பேருந்து அங்கே கொண்டுவந்து விடும். முதல் 1.3 கிலோமீட்டர் தார் போட்ட பாதை. சுலபம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், நல்ல ஏற்றம். முடிவில் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் வரும். வெர்னல் முதல்முறை கண்ணில் படுவது அங்கேதான். பலர் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோடைக்காலத்தில் பாலத்தருகே குடிநீர்க் குழாய் உண்டு, பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அப்புறம் படிகள். மே, ஜூனில் மலைப்பனி உருகி ஆறு பெருகும்போது வந்தால், இங்கே தலை முதல் கால் வரை நனைவது உறுதி. மழைக்கோட்டு கொஞ்சம் காப்பாற்றும், ஷூவைக் காப்பாற்றாது. செல்போனை முன்கூட்டியே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிடுங்கள்.

இந்த நனைச்சலுக்கு ஒரு கூலியும் கிடைக்கும். சூரியன் முதுகுப் பக்கம், சாரல் முகத்துக்கு நேரே: வானவில்லுக்கு வேறென்ன வேண்டும்? தரையில் நின்று பார்க்கும் வானவில் பாதி வட்டத்தைத் தாண்டாது, மீதியைத் தரை மறைத்துவிடும். இங்கே உங்கள் காலுக்குக் கீழேயும் சாரல் பறக்கிறது. அதனால் வில் அரைவட்டத்தையும் தாண்டிக் கீழே வளைந்து போகும்.

[காட்சி: வெர்னலின் உச்சி. இரும்புத் தடுப்பு. பின்னால் பச்சை நிறக் குளம்.]

தொடங்கிய இடத்திலிருந்து 1.9 கிலோமீட்டர், சுமார் 300 மீட்டர் ஏற்றம். உச்சிக்கு வந்துவிட்டோம். பெரிய, தட்டையான பாறை. எல்லாரும் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். சில அடிகள் பின்னால் எமரால்டு குளம், பார்க்கப் பரம சாதுவாகத் தெரிகிறது. அதற்கும் மேலே சில்வர் ஏப்ரன் என்ற சரிவுப் பாறையில் தண்ணீர் மெல்லிய படலமாக வழிந்து வருகிறது. குழந்தைகள் சறுக்கி விளையாடுவதற்கென்றே செய்து வைத்த மாதிரி.

இந்தப் பாதையில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. படியில் வழுக்கினால் பெரும்பாலும் முட்டி பெயரும், அவ்வளவுதான். இங்கே வழுக்கினால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பாறை வழவழப்பு என்று சொன்னேன் அல்லவா? தண்ணீர் உருகிய பனி, கை கால் சீக்கிரம் விறைத்துவிடும். மேற்பரப்பு அசையாமல் இருந்தாலும் அடியில் ஓட்டம் உண்டு, அது போய்ச் சேரும் இடம் 317 அடிப் பள்ளம். 2011 ஜூலையில் தடுப்பைத் தாண்டிப் போன மூன்று பேரை ஆறு விளிம்புக்கு அப்பால் இழுத்துக்கொண்டு போய்விட்டது. குளத்திலும் சில்வர் ஏப்ரனிலும் நீந்தத் தடை இருக்கிறது. 'காலை மட்டும் நனைத்துக்கொள்கிறேன்' என்பதும் வேண்டாம்.

[காட்சி: நெவாடா அருவி, பக்கவாட்டில்.]

தெம்பு இருந்தால் நெவாடா வரை போங்கள். மொத்த ஏற்றம் 600 மீட்டர் ஆகிவிடும். நெவாடா என்றால் ஸ்பானிய மொழியில் பனி மூடியது என்று பொருள், பெயர் பொருத்தம்தான். தண்ணீர் நேராக விழுவதில்லை. பாதி வழியில் சரிவுப் பாறையில் மோதி வெள்ளையாகச் சிதறுகிறது. வெர்னலைவிட எனக்குப் பிடித்தது இதுதான், கூட்டமும் குறைவு.

யோசெமிட்டி அருவி பல ஆண்டுகளில் கோடை முடிவதற்குள் வற்றிவிடும். இந்த இரண்டும் வற்றுவதில்லை. மெர்செட் ஆற்றுக்கு நீர் சேரும் மலைப்பரப்பு மிகப் பெரியது என்பதே காரணம். செப்டம்பரில் வந்தாலும் அருவி இருக்கும், ஆனால் ஒடுங்கிப்போய் இருக்கும்.

[காட்சி: பாதை பிரியும் இடம். பலகையில் ஜான் மியூர் டிரெயில்.]

சரி, இறங்குவது எப்படி? வந்த வழியே இறங்காதீர்கள். ஏறும்போது உடல் எடை மலைப் பக்கம் சாய்ந்திருக்கும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் முழு எடையும் முன்காலில் விழும். கீழே ஈரக்கல், எதிரே ஏறி வரும் கூட்டம். நெவாடாவின் உச்சியில் பாலத்தைக் கடந்தால் ஜான் மியூர் டிரெயில். தூரம் கூடுதல், வளைந்து வளைந்து இறங்கும், முட்டி தப்பிக்கும். வெர்னலோடு நிறுத்திக்கொண்டவர்களும் கிளார்க் பாயின்ட் வழியாக இதில் வந்து சேரலாம். முதலில் கொஞ்சம் ஏற வேண்டியிருக்கும், முணுமுணுக்காமல் ஏறுங்கள்.

குளிர்காலத்தில் பனிக்கட்டி உறைவதால் இரண்டு பாதைகளிலும் சில பகுதிகளை மூடிவிடுவார்கள். இதே வழியாக ஹாஃப் டோம் என்ற பெரிய பாறைக் குன்று வரை போகிறவர்களும் உண்டு. அதன் உச்சிக்குப் பிடித்துக்கொண்டு ஏறும் கம்பி வடங்களில் (கேபிள்) ஏறத் தனி அனுமதி வாங்க வேண்டும், குலுக்கலில்தான் கிடைக்கும்.

[காட்சி: ஜான் மியூர் டிரெயிலிலிருந்து பின்னோக்கி.]

இறங்கும் வழியில் ஓரிடத்தில் நின்று திரும்பிப் பாருங்கள். நெவாடா முழுசாகத் தெரியும். அதன் பக்கத்தில் லிபர்ட்டி கேப் என்ற பாறைக் குன்று, பின்னால் ஹாஃப் டோமின் முதுகு. காலையில் நனைந்த ஷூ அநேகமாக இந்நேரம் காய்ந்திருக்கும்.