உச்சிக்குக் கீழேயும் கினபாலு இருக்கிறது
(கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

சபா மாநிலத்தின் கினபாலு மலைக்குப் போய் வந்தவரைப் பார்த்தால் நம்மவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "உச்சி வரைக்கும் ஏறினீங்களா?" இல்லை என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

உச்சி ஏறுவது பெரிய காரியம்தான். ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில் இருக்கிறது. மலையின் உச்சியான லோஸ் சிகரம் 4,095 மீட்டர். நம் இரட்டைக் கோபுரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து அடுக்கினால் ஏறக்குறைய அந்த ஏற்றம். முதல் நாள் மலைமேல் தங்குமிடமான பனாலாபானில் தங்கி, மறுநாள் விடியுமுன் எழுந்து, வெறும் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறவேண்டும். முதல் நாள் முழுக்கக் கண் படியிலேயே இருக்கும். இரண்டாம் நாள் இருட்டு. காட்டைப் பார்ப்பது எப்போது?

அந்தக் காட்டுக்காகத்தான் 1964-இல் இது தேசியப் பூங்கா ஆனது. 2000-இல், சரவாக்கின் குனோங் முலு பூங்கா ஆன அதே ஆண்டில், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளமும் ஆனது. ஒரே மலையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர வகைகள்! போரிங் வெந்நீர் ஊற்றுப் பக்கம் வானுயர்ந்த தாழ்நில மரங்கள். பூங்காத் தலைமையகத்தைச் சுற்றி ஓக் மரங்கள். அதற்கும் மேலே பாசி போர்த்திய குட்டை மரங்கள். உயரம் மாற மாறக் காடே வேறாகிறது.

மண்ணும் ஒரு காரணம். சில சரிவுகளில் சத்துக் குறைந்த, உலோகம் மிகுந்த மண். அங்கேதான் 'நெப்பந்தஸ் ராஜா' என்ற குடுவைச் செடி வளர்கிறது. குடுவை இரண்டு லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். பூச்சி தின்னும் செடி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கதை அதைவிட அழகானது. குடுவை மூடியின் அடியில் தேன் சுரக்கிறது. அதை நக்க மலை மர மூஞ்சூறு வருகிறது. மூடிக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளி அதன் உடல் நீளத்துக்குப் பொருந்துவதால், குடுவையின் விளிம்பில் உட்கார்ந்தால்தான் தேன் எட்டும். உட்கார்ந்தபடியே எச்சமிடுகிறது. மண் தராத நைட்ரஜன் செடிக்கு அப்படிக் கிடைக்கிறது. இரவில் எலியும் வருகிறது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டாமா?

தலைமையகத்தில் ஓடையோரமாகப் போகும் சிலாவ்-சிலாவ் பாதை இருக்கிறது. நீண்ட நடை வேண்டுவோருக்கு லிவாகு ஆற்றுப் பாதை. மழைக்குப் பின் வழுக்கும். அன்று எது திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

உச்சிக்கே போகும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். இங்குள்ள பூர்வகுடிகளான டூசுன் மக்களுக்கு இது முன்னோர் ஆவிகள் உறையும் மலை. 2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் மலையில் 18 பேர் இறந்தார்கள். அவர்களில் மலை வழிகாட்டிகளும் உண்டு. மற்ற வழிகாட்டிகள்தான் சிக்கியவர்களைக் கீழே கொண்டுவந்தார்கள். வழிகாட்டி "திரும்பலாம்" என்றால் திரும்பிவிடுங்கள். கொடுத்த காசை வைத்து அவரிடம் வாதாடாதீர்கள்.

குடும்பத்தோடு போகிறவர்கள் அடிவாரத்தில் இரண்டு இரவாவது தங்குங்கள். விடிந்ததும் மலையைப் பாருங்கள். பொழுது ஏறினால் பெரும்பாலும் மேகம் மூடிவிடும். மூடிய பிறகு சிலாவ்-சிலாவ் ஓடைக்குப் போங்கள். நிதானமாக நடந்தால் பாட்டியையும் கூட்டிப் போகலாம்.