கதவைச் சாத்திய பிறகு

நடுவர் அவர்களுக்கும், காரைக்குடியிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களுக்கும் பெரியவர்களுக்கும் என் வணக்கம். மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையில் ஆண், பெண் என்ற வேறுபாடு குறுக்கே நிற்கிறதா என்பது இன்றைய வழக்கு. நிற்கவில்லை, வெள்ளைக் கோட்டுக்குள் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, திறமை ஒன்றே போதும் என்று எதிரணித் தலைவர் சொல்லி அமர்ந்தார். அந்தக் கோட்டின்மேல் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பையே நான் சாட்சிக்கு அழைக்கிறேன். 1816இல் பாரிஸில் லென்னக் என்ற மருத்துவர், இதய நோயோடு வந்த ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, தாளைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டாரே, அந்தத் தயக்கத்தில்தான் இந்தக் கருவி பிறந்தது.

இதயத்தின் ஓசையைக் குழல் கேட்டுவிடும். வாய் திறந்து சொல்ல வேண்டியதை எந்தக் குழல் கேட்கும்?

என் அப்பத்தா கருப்பை இறக்கத்தோடு இரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுக்கும் முகப்புக்குமாக நடந்தார், ஒருவரிடமும் சொல்லவில்லை. கைராசிக்காரர் என்று பெயரெடுத்த மருத்துவர் ஒருவரிடம் அப்பச்சி அவரை அழைத்துப் போனபோது நானும் உடன் இருந்தேன். "ஆச்சிக்கு என்ன செய்யுது?" என்று மருத்துவர் அப்பச்சியைப் பார்த்துக் கேட்டார். "இடுப்பு வலியாம்" என்று அப்பச்சி சொன்னார். அப்பத்தாவோ முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பு வலிக்கு மாத்திரையும் தைலமும் வந்தன. பின்னொரு நாள், ஒரு பெண் மருத்துவர் எங்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய பத்தாவது நிமிடத்தில் நோய் இன்னதென்று தெரிந்தது. முதல் மருத்துவரின் திறமையில் நான் குறை காணவில்லை. அவர் காதுக்கு அந்த நோய் வந்து சேரவே இல்லை.

ஆண்களும் இதற்கு விலக்கல்லர். சிறுநீர்க் கோளாறைப் பெண் மருத்துவரிடம் சொல்லக் கூசி, காய்ச்சல் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் மருத்துவப் பட்டம் பெற்றது 1912இல். நூறாண்டு கடந்தும், எதிரே அமர்ந்திருக்கும் பெண் மருத்துவரிடமே "டாக்டர் எப்ப வருவாரு சிஸ்டர்?" என்று கேட்கும் குரல் ஓயவில்லை.

கூச்சம் மட்டுமே காரணம் என்றும் நான் சொல்லவில்லை. மாரடைப்பின்போது பெண்களுக்கு மூச்சுத்திணறல், குமட்டல், தாடை வலி, மிகுந்த அசதி ஆகியவை ஆண்களைக் காட்டிலும் அதிகமாகச் சேர்ந்து வரும். சிலருக்கு நெஞ்சுவலி இல்லாமலே வருவதும் உண்டு. ஆணின் உடலையே அளவுகோலாக வைத்துப் பழகிய கண், அதை வாயு என்றோ மனக்கவலை என்றோ எழுதி அனுப்பிவிடுகிறது. எந்த உடலைப் பார்த்து அந்தத் திறமை கற்கப்பட்டது என்பதையும் நடுவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆண் மருத்துவர் ஒரு பெண்ணின் உடலைச் சோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்ற நெறியை மருத்துவ உலகமே வகுத்து வைத்திருக்கிறது. கோட்டுக்குள் ஆணும் பெண்ணும் இல்லையென்றால் அந்த நெறி எதற்கு என்பதற்கு விடை சொல்லிவிட்டு, எதிரணியில் அடுத்து வருபவர் தம் உரையைத் தொடங்கட்டும்.