எழுத்து இல்லாத அட்சரகணிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

இயற்கணிதம் எப்படிப் பிறந்தது என்று பேச அழைத்தபோது கொஞ்சம் தயங்கினேன். கரும்பலகை இல்லாமல் எப்படி? எக்ஸ் எங்கே, ஒய் எங்கே என்று காட்ட முடியாதே! அப்புறம்தான் உறைத்தது: இந்தக் கலைக்குப் பெயர் கொடுத்த புத்தகத்திலேயே எக்ஸும் கிடையாது, ஒய்யும் கிடையாது. கூட்டல் குறி இல்லை, சமக்குறி இல்லை. எண்களைக்கூட 'முப்பத்தொன்பது' என்று சொல்லாகத்தான் எழுதினார்கள். நடுவில் வரும் சில படங்களை விட்டுவிட்டால், அதை அப்படியே வானொலியில் வாசித்துவிடலாம்.

எழுதியவர் அல்-குவாரிஸ்மி. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலீபா அல்-மாமூன் ஆட்சியில், பாக்தாதில் இருந்தவர். இன்று கம்ப்யூட்டர்காரர்கள் வாய்க்கு வாய் சொல்லும் 'அல்காரிதம்' இவர் பெயர் மருவி வந்ததுதான். புத்தகத் தலைப்பில் இருந்த 'அல்-ஜபர்' ஐரோப்பாவுக்குப் போய் அல்ஜிப்ரா ஆனது. முறிந்ததைப் பொருத்திச் சேர்ப்பது என்று அதற்குப் பொருள். ஸ்பெயினில் வெகுகாலம் 'அல்ஜெப்ரிஸ்டா' என்றால் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர். நம் பக்கத்துப் புத்தூர் கட்டு வைத்தியர்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் அல்ஜிப்ரா நிபுணர்கள்!

கணக்கில் முறிவு எங்கே வந்தது? 'ஒரு தொகையில் மூன்று குறைய, ஏழு' என்கிறோம். தொகை மூன்று முறிந்து நிற்கிறது. மூன்றைச் சேர்த்து அதை முழுசாக்கு. எதிர்ப் பக்கத்திலும் மூன்றைச் சேர். பத்து. இதுதான் அல்-ஜபர்.

பொழுதுபோக்குக்காக அவர் இதை எழுதவில்லை. பாகப்பிரிவினை, உயில், வியாபாரம், நில அளவை, கால்வாய் வெட்டு இவற்றுக்கு உதவும் என்று முன்னுரையிலேயே சொல்கிறார். புத்தகத்தில் ஏறக்குறைய பாதி வாரிசுக் கணக்குத்தான்.

அதில் வரும் புகழ்பெற்ற கணக்கு ஒன்று. ஒரு சதுரத்தின் பரப்போடு, அதன் பக்கத்தைப் பத்து மடங்காக்கிச் சேர்த்தால் 39. பக்கம் எவ்வளவு?

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒரு சதுரப் பாய் விரித்திருக்கிறது. பத்து மடங்கு என்பது அதே பக்க நீளமும் பத்து அகலமும் உள்ள ஒரு துண்டு. அதை நெடுக்கே இரண்டாகக் கிழித்து, ஐந்து அகலத்தில் ஒன்றைப் பாயின் வலப்புறமும் இன்னொன்றைக் கீழ்ப்புறமும் ஒட்டுங்கள். மூலையில் ஐந்துக்கு ஐந்து இடம் காலியாகக் கிடக்கும். அந்த 25ஐ வைத்து நிரப்பினால் முழுச் சதுரம்: 39ம் 25ம் 64. அப்படியானால் பெரிய பாயின் பக்கம் எட்டு. ஒட்டிய ஐந்தைக் கழியுங்கள், மூன்று. சரிபார்த்தால் ஒன்பதும் முப்பதும் முப்பத்தொன்பது.

இந்த வெட்டி ஒட்டும் வித்தை அவருக்கும் முந்தையது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பாபிலோனியக் களிமண் பலகை இருக்கிறது. வயது சுமார் 3,700 ஆண்டு. அதன் முதல் கணக்கு: சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினேன், முக்கால். நம் வாய்பாட்டில் விடை தானே வரும். பக்கம் அரை, பரப்பு கால். காலும் அரையும் முக்கால்.

எழுத்து எப்போது வந்தது? எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த டயோஃபாண்டஸ் தெரியாத எண்ணுக்கு ஒரு குறி வைத்திருந்தார். இந்தியாவில் பாஸ்கரர் 1150இல் எழுதிய பீஜகணிதத்தில் தெரியாத எண்ணுக்குப் பெயர் 'யாவத்-தாவத்', அதாவது எவ்வளவோ அவ்வளவு. இன்னொன்று தெரியாவிட்டால் கறுப்பு, அடுத்தது நீலம், அப்புறம் மஞ்சள். காலகம், நீலகம், பீதகம் என்ற அந்தப் பெயர்களின் முதலெழுத்தை மட்டும் எழுதினால் போதும்: யா, கா, நீ, பீ. இலங்கைத் தமிழர்கள் இயற்கணிதத்தை இன்றும் அட்சரகணிதம், அதாவது எழுத்துக் கணக்கு, என்கிறார்களே, அந்தப் பெயர் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

உடனே எல்லாம் நம்முடையதுதான் என்று கிளம்பிவிட வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தில் இந்தியா நிச்சயமாகப் பாக்தாதை முந்தியது. பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே குறை எண்ணைக் கடன் என்றும் மிகை எண்ணைத் தனம் என்றும் சொல்லி, கூட்டவும் பெருக்கவும் விதி எழுதிவிட்டார். பாக்தாத் புத்தகத்தில் குறை எண் தனியாக நிற்கவே நிற்காது. அதனாலேயே அல்-குவாரிஸ்மி சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வழி சொல்ல வேண்டியிருந்தது.

தெரிந்த எண்ணுக்கும் எழுத்து வைக்கலாம் என்ற துணிச்சல் 1591இல் பிரான்சின் வியெத்திடம் வருகிறது. ஒரு கணக்குக்கு விடை காண்பது போய், ஒரு மாதிரிக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம் எழுத அப்போதுதான் வழி பிறந்தது. எக்ஸ், ஒய், இசட் என்ற எழுத்துகள் 1637இல் டெகார்த் புத்தகத்தோடு வந்தவை. பள்ளிப் பிள்ளைகளை மிரட்டும் எக்ஸுக்கு இன்னும் நானூறு வயதுகூட ஆகவில்லை.

போகுமுன் அல்-குவாரிஸ்மியின் இன்னொரு கணக்கு. ஒரு சதுரத்தின் பரப்போடு 21ஐச் சேர்த்தால், பக்கத்தின் பத்து மடங்குக்குச் சமம். பக்கம் என்ன? பேனா வேண்டாம், பாயை விரியுங்கள். ஒரு விடை கிடைத்ததும் எழுந்துவிடாதீர்கள், இதற்கு இரண்டு விடை உண்டு. வணக்கம்.