குரல் கம்மினால் நெஞ்சை ஏன் ஸ்கேன் எடுக்கிறார்கள்?

[திரையில்: கழுத்துக் குழியில் ஒரு விரல்]

இரண்டு காறை எலும்புகளுக்கும் நடுவே ஒரு குழி இருக்கிறதே, அதில் விரலை வையுங்கள். அப்படியே மார்பெலும்பின் மேல் கீழே இறக்குங்கள். சுமார் 5 சென்டிமீட்டர் போனதும் குறுக்கே ஒரு மேடு தட்டுப்படும். ஒல்லியானவர்களுக்கு உடனே கிடைத்துவிடும். மற்றவர்கள் கொஞ்சம் அழுத்தித் தேடுங்கள். கிடைத்ததா? சரி, விரலை எடுக்காதீர்கள்.

[திரையில்: மார்பின் குறுக்குவெட்டு]

அந்த மேட்டின் இரு பக்கமும் வந்து சேர்வது இரண்டாவது விலா. மேட்டிலிருந்து நேர் பின்னால் போனால் 4, 5-ஆம் மார்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிவது ஏறக்குறைய இந்த மட்டத்தில்தான். இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான பெருந்தமனியின் வளைவு தொடங்குவதும் முடிவதும் இங்கேதான். இரண்டு நுரையீரல்களுக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதியின் பெயர் மீடியாஸ்டினம். இதயம், உணவுக்குழாய், தைமஸ் என்ற சுரப்பி எல்லாம் இதற்குள்தான் நெருக்கியடித்துக் கிடக்கின்றன.

[திரையில்: பெருந்தமனி, சுழன்று காட்டும் படம்]

பெருந்தமனி இதயத்திலிருந்து மேலே ஏறி, கைத்தடியின் பிடி மாதிரி வளைந்து கீழே இறங்குகிறது. புத்தகப் படத்தில் அது வலமிருந்து இடமாக வளைவது போலத் தெரியும். அந்தப் படம் நம்மை ஏமாற்றுகிறது. பக்கவாட்டில் திருப்பினால், அது பெரும்பாலும் முன்னிருந்து பின்னாகப் போவது தெரியும். வளைவின் உச்சியில் மூன்று கிளைகள். வலது கைக்கும் தலையின் வலப்பக்கத்துக்கும் சேர்த்து ஒன்று. இடப்பக்கத்தில் தலைக்கு ஒன்று, கைக்கு ஒன்று. இந்தக் கிளைகளுக்கு முன்னால் இடப்பக்கத்துச் சிரை சாய்வாகக் குறுக்கே வந்து, வலப்பக்கத்துச் சிரையோடு சேர்ந்து, இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரையாகிறது.

[திரையில்: வளைவின் அடியில் மஞ்சள் கோடு]

இப்போது இந்த மஞ்சள் கோட்டைப் பாருங்கள். இடது குரல்நாணை அசைக்கக் குரல்வளைக்குப் போகும் இடது நரம்பு. மூளையிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்குப் போகும் வேகஸ் என்ற பெரிய நரம்போடு இறங்கி வருகிறது. குரல்வளையைத் தாண்டி நெஞ்சுக்குள் போய், பெருந்தமனி வளைவுக்கு அடியில் கொக்கி போட்டுத் திரும்பி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே உள்ள பள்ளத்தில் மறுபடி மேலே ஏறுகிறது. கருவில் இதயம் கழுத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகிறது. அது கீழே இறங்கும்போது, ரத்தக்குழாயில் சிக்கிய நரம்பையும் கூடவே இழுத்து வந்துவிடுகிறது. ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே கதைதான். அதற்கு இந்தச் சுற்று பல மீட்டர்!

வலது நரம்பு நெஞ்சுக்குள் இவ்வளவு தூரம் இறங்குவதில்லை; வலது கைக்குப் போகும் தமனியைச் சுற்றி மேலேயே திரும்பிவிடும். அதனால் நெஞ்சில் ஏதாவது வந்தால் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இடதுதான். பெருந்தமனி வீங்கினாலும், நுரையீரல் புற்று பரவி அங்குள்ள நிணநீர்க்கட்டிகள் பெருத்தாலும், இந்த நரம்பு நசுங்கும். இடது குரல்நாண் அசையாமல் நின்றுவிடும். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஈரிதழ் வால்வு சுருங்கியவர்களுக்கு அந்த மேலறை பெரிதாகி, இதே போலக் குரல் கம்முவதை 1897-இல் ஆர்ட்னர் என்ற மருத்துவர் விவரித்தார்.

கத்தியதால், சளியால் கம்மிய குரல் தானே சரியாகிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் போனால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். குரல்நாண் அசையவில்லை என்றால், அடுத்து நெஞ்சைத்தான் பார்ப்பார்.

[திரையில்: மார்பு எக்ஸ்ரே]

எக்ஸ்ரேயில் இதய நிழலுக்கு மேலே, இடப்பக்கம், மடக்கிய விரல் முட்டி போல ஒரு சின்னப் புடைப்பு தெரிகிறதா? அதுதான் அந்த வளைவு. உங்கள் விரலுக்குப் பின்னால் இருப்பதும் அதுவே. இனி விரலை எடுத்துவிடலாம்.