தண்ணீர் நின்ற இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

காவடி நெருங்குகிறது. வீட்டைக் கழுவி, விரதச் சமையலுக்குப் பாத்திரங்களைத் தனியாக எடுத்துவைக்கும் நாட்கள் இவை. இதே நாட்களில்தான் நம் மொரீஷியஸ் வெயிலும் மழையும் கைகோத்துக்கொண்டு கொசு, கரப்பான், எறும்பு எல்லாவற்றையும் வீட்டுக்குள் கூட்டி வருகின்றன. சுகாதார வேலையில் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். கதவைத் திறந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்த மருந்து அடிக்கலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "தண்ணீர் எங்கே நிற்கிறது?"

கொசுவிலிருந்து தொடங்குகிறேன். 1867இல் இந்தத் தீவில் மலேரியா பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனது. போர்ட் லூயிஸில் வசதி இருந்தவர்கள் க்யூர்பிப் பக்கம் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று கண்டறிந்த ரொனால்ட் ராஸ் 1907இல் இங்கே வந்து பார்த்தார். நீர் தேங்கும் இடங்களை ஒழிக்கச் சொன்னார். மலேரியா பிறகு அடங்கியது. ஆனால் 2005, 2006இல் சிக்குன்குனியா வந்தது, 2025இல் மறுபடியும் வந்தது. இதைப் பரப்புவது வேறு கொசு. கறுப்பு உடம்பில் வெள்ளை வரி இருக்கும், பகலிலேயே கடிக்கும். அதற்குக் குளம் குட்டை வேண்டாம், ஒரு கொட்டாங்கச்சி போதும். சாமிக்கு உடைத்த தேங்காயின் ஓட்டைக் கொல்லையில் வீசுகிறோமே, அதுதான்.

தண்ணீரைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இல்லை. இந்தக் கொசு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழையில் பொரிந்துவிடும். ஆகவே தேங்காய் நாரை எடுத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். இந்த வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை. குழாயில் தண்ணீர் வராத நாளுக்காக டிரம்மில் பிடித்துவைப்பவர்கள், டிரம்மின் வாயைத் துணியால் மூடி இடைவெளி இல்லாமல் கட்டுங்கள். பலகையைச் சாய்த்துவைப்பது மூடி ஆகாது.

ஊருக்கெல்லாம் இதைச் சொன்ன என் வீட்டிலேயே, வெற்றிலைக் கொடித் தொட்டியின் அடித்தட்டில் கூத்தாடிப் புழு நெளிந்தது. கண்டுபிடித்தவர் என் மனைவி. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது. அந்தத் தட்டில் இப்போது மணல் நிரப்பியிருக்கிறோம்.

அடுத்து கரப்பான், இங்கே பேசும் கிரியோல் மொழியில் காங்க்ரெலா. சாக்கடையிலிருந்து ஏறிவரும் பெரியது வேறு, அடுப்படியிலேயே குடியிருக்கும் சின்னது வேறு. பெரியதற்குச் சாக்கடை வாயில் கம்பிவலை போட்டால் பாதி வேலை முடியும். சின்னதுதான் பிடிவாதக்காரி. பெண் கரப்பான் முப்பது நாற்பது முட்டைகள் கொண்ட கூட்டைப் பொரியும்வரை வயிற்று நுனியிலேயே சுமந்து திரியும். ஸ்பிரே அடித்தால் எதிரே நிற்பது சாகும், மற்றவை அடுத்த அறைக்கு ஓடும். ஜெல் மருந்து வாங்கி, அலமாரிக் கீல், அடுப்புக்குப் பின்புறம் என்று துளித்துளியாக வையுங்கள். அங்கேயே ஸ்பிரேயும் அடித்தால் கரப்பான் ஜெல்லின் பக்கமே வராது. இரண்டு காசும் வீண். படுக்கப் போகுமுன் சிங்க்கைத் துடைத்துக் காயவிடுங்கள். சோறு இல்லாமல் பல நாள் இருக்கும் பூச்சி, தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது.

எறும்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரிசையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் வாசனைத் தடம் போய்விடும். எங்கே நுழைகிறது என்று பார்த்து அந்த விரிசலை அடைத்துவிடுங்கள்.

கரையானை இங்கே கர்யா என்கிறோம். காதுக்கு இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கின்றன. சுவரில் மண்கோடு தெரிந்தால் துடைப்பத்தால் தட்டிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். அது வழிதான், குடி உள்ளே இருக்கிறது. தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். குளியலறைக் கசிவையும் அப்போதே சரிசெய்துவிடுங்கள், ஈரச் சுவரைத் தேடித்தான் அது வருகிறது.

பூச்சி மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைக்கும் வழக்கத்தை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன். குழந்தைக்குப் புட்டிதான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. கைக்குழந்தை துணிகளுக்கு நடுவே அந்துருண்டையும் வேண்டாம். பல்லியைத் துரத்தாதீர்கள். சம்பளம் கேட்காமல் இரவுவேலை பார்க்கிறது.

வானொலியை அணைத்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். குளிர்சாதனப் பெட்டியைக் கொஞ்சம் முன்னே இழுங்கள். பல பெட்டிகளில் பின்பக்கம் கீழே ஒரு சின்னத் தட்டு இருக்கும், உள்ளிருந்து வடியும் நீர் அதில்தான் சேரும். டார்ச் அடித்துப் பாருங்கள்.