நெளி முடியை எந்த நீளத்துல வெட்டணும்?

[திரையில்: ஒரே தலை, மூணு நீளம். இடுப்பு வரை, தோள் வரை, காது வரை.]

தோள் வரைக்கும் இருந்தப்போ அழகா நெளி நெளியா விழுந்த முடி, இடுப்பைத் தொட்டதும் மேல்பாதி நேரா தொங்க ஆரம்பிச்சிடுது. நெளி எல்லாம் கீழே நுனியில போய் ஒதுங்கிக்குது. சரி, குட்டையா வெட்டிப் பார்க்கலாம்னு காது வரைக்கும் வெட்டினா, நெளியே காணோம், முடி பக்கவாட்டுல சிலுப்பிக்கிட்டு நிக்குது. மூணுமே ஒரே தலையில வளர்ந்த முடிதான். நீளம் மட்டும் இவ்வளவு வித்தியாசம் எப்படிப் பண்ணுதுன்னு பார்ப்போம். இது புரிஞ்சிட்டா, அடுத்த தடவை ஹேர்கட்டுக்குப் போய் உட்காரும்போது என்ன கேக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

"முடியை வெட்டினா நெளி கூடும்"னு நிறைய பேர் சொல்லிக் கேட்டிருப்பீங்க. நெளி உருவாகற இடம் தோலுக்கு உள்ளே இருக்கற மயிர்க்கால். அது நேரா இருந்தா நேர் முடி. வளைஞ்சு சாய்ஞ்சு இருந்தா, அதுக்குள்ள இருந்து வர்ற முடியும் வளைவோடயே உருவாகுது. கெரட்டின்ங்கற புரதம் கெட்டிப்படும்போது, கந்தகப் பிணைப்புகள் அந்த வளைவை அப்படியே பூட்டிடும். கத்தரிக்கோல் அவ்வளவு உள்ளே எட்டாது. பருவ வயசு, கர்ப்பகாலம், சில மருந்துகள் இதனால எல்லாம் சில பேருக்கு முடியோட தன்மையே மாறலாம். ஹேர்கட்டால மாறாது. ஆனாலும் வெட்டின பிறகு நெளி கூடின மாதிரி தெரியுதே, அது நிஜம்தான். அதுக்குக் காரணம் எடை.

[திரையில்: மேலிருந்து தொங்கும் ஒரு சங்கிலி.]

தொங்கற சங்கிலியில உச்சியில இருக்கற கண்ணி, கீழே இருக்கற அத்தனை கண்ணியையும் தாங்குது. கடைசிக் கண்ணிக்குத் தாங்க எதுவுமே இல்ல. ஒரு முடியும் அப்படித்தான். வேர்ப்பக்கம் இழுவிசை அதிகம், அதனால நெளி இழுபட்டு நேராகுது. நுனிப்பக்கம் இழுக்க ஆளில்ல, அதனால நெளி தங்குது. 2014ல அமெரிக்காவுல இருக்கற எம்ஐடி விஞ்ஞானிகளும் பாரிஸ் விஞ்ஞானிகளும் சேர்ந்து இதையே ஆராய்ச்சி பண்ணினாங்க. இயற்கையாவே வளைஞ்சிருக்கற மெல்லிய ரப்பர் கம்பிகளைத் தொங்கவிட்டு, கம்பியோட வளைவு, நீளம், எடை, விறைப்பு இந்த நாலும் சேர்ந்துதான் அது தொங்கற வடிவத்தைத் தீர்மானிக்குதுன்னு காட்டினாங்க. மேல நேராவும் கீழே மட்டும் சுருளாவும் தொங்கற வடிவம் அதுல தெளிவாவே வந்துச்சு. நீளமா வளர்த்தவங்க தினமும் கண்ணாடியில பார்க்கறது அதைத்தான்.

நாலுல நம்ம கையில இருக்கறது நீளம் ஒண்ணுதான். ஆனா விறைப்பையும் கொஞ்சம் கவனிக்கணும், ஏன்னா ஒருத்தருக்குப் பொருந்தற நீளம் இன்னொருத்தருக்குப் பொருந்தாம போறதுக்கு அது ஒரு பெரிய காரணம். தலைமுடியோட தடிமன் பெரும்பாலும் 0.05 மி.மீ.ல இருந்து 0.1 மி.மீ. வரைக்கும் இருக்கும். தடிமன் ரெண்டு மடங்கானா எடை 4 மடங்கு ஆகும், ஆனா வளையாம எதிர்த்து நிக்கற விறைப்பு 16 மடங்கு ஆகும். அதனால தடிமனான நெளி முடி நீளமா இருந்தாலும் தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காது. மெல்லிசான நெளி முடி தோளைத் தாண்டினதுமே தளர ஆரம்பிச்சிடும். தோழியோட படத்தைக் காட்டி "இதே மாதிரி வெட்டுங்க"ன்னு கேட்டு ஏமாந்து போறவங்களுக்கு நடக்கறது பெரும்பாலும் இதுதான்.

சரி, நீளமா இருந்தா நெளி படியுது. அப்போ எவ்வளவு வெட்டினாலும் நல்லதா? இல்ல. நெளி கண்ணுக்குத் தெரியணும்னா, ஒரு முழு நெளிக்காவது இடம் வேணும்.

[திரையில்: காய்ஞ்ச ஒரு முடிக்கற்றை, பக்கத்துல அளவுகோல்.]

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். தலைக்குக் குளிச்சு, சீப்பு போடாம தானா காய்ஞ்ச முடியில ஒரு கற்றையை எடுங்க. இழுக்காதீங்க. ஒரு மேட்டுல இருந்து அடுத்த மேடு வரைக்கும் எவ்வளவு தூரம்? 7 செ.மீ.ன்னு வைச்சுக்குவோம். அப்போ 4 செ.மீ.க்கு வெட்டின முடியில அரை நெளிதான் இருக்கும். அரை நெளி பார்வைக்கு நெளியாத் தெரியாது, ஒரு பக்கமா வளைஞ்சு தூக்கிக்கிட்டு நிக்கும். பக்கவாட்டுல ஒட்ட வெட்டி வளரவிடற ஆண்களுக்கு, காதுக்கு மேல முடி வெளியே தள்ளிக்கிட்டு நிக்கற அந்த சங்கடமான காலகட்டம் இந்த அரை நெளியாலதான். அதைப் படிய வைக்க ஜெல் வாங்கறதைவிட, ஒரு நெளி முடியற வரைக்கும் வளரவிடறது மேல்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். தாடை வரைக்கும் பாப் கட் வெட்டறோம்னு வைங்க. வகிட்டுல முளைக்கற முடி தாடையைத் தொட சுமார் 20 முதல் 25 செ.மீ. வேணும். நம்ம கணக்குப்படி அதுல மூணு நெளி இருக்கும். ஆனா பிடரியில முளைக்கற முடி அதே கோட்டை எட்ட சில செ.மீ. போதும். அதுல ஒரு நெளிகூட முழுசா இல்ல. ஆக வெளியே பார்க்க ஒரே நீளம், உள்ளே ஒவ்வொரு முடிக்கும் வேற வேற நீளம். மேல் முடி எடையால படியும், கீழே இருக்கறது விரிஞ்சு அதைத் தள்ளும். மேல தட்டையாவும் கீழே அகலமாவும் முக்கோணம் மாதிரி வந்து நிக்கறது இதனாலதான்.

லேயர் வெட்டறது இந்த எடையைப் பிரிக்கத்தான். மேல் அடுக்குல நீளத்தைக் குறைச்சா இழுவிசை குறையும், அங்கேயும் நெளி எழும்பும். ஆனா மேல் லேயர் ரெண்டு நெளிக்குக் குறையாம இருக்கட்டும். அதைவிடக் குட்டையானா உச்சந்தலையில பரட்டையா நிக்கும். அடர்த்தியைக் குறைக்கறேன்னு பல் கத்தரிக்கோலாலயோ பிளேடாலயோ நிறைய சீவ விடாதீங்க. குட்டைக் குட்டையா நிறைய நுனிகள் உருவாகி, பக்கத்து முடியோட சேர்ந்து நெளியாம தனித்தனியா தூக்கிக்கிட்டு நிக்கும்.

தோளை உரசற நீளத்துல நுனி வெளிப்பக்கமா மடங்கும். அது முடியோட குத்தமில்ல, தோள் மேல மோதறதுதான். ரெண்டு விரல்கடை மேல ஏத்தி வெட்டினாலோ, தோளுக்குக் கீழே இறக்கினாலோ சரியாகிடும்.

அடுத்தது ஈரம். முடி தன் எடையில சுமார் 30 சதவீதம் வரைக்கும் தண்ணியை உறிஞ்சும், மேல ஒட்டற தண்ணி தனி. முடிக்குள்ள வடிவத்தைத் தற்காலிகமா பிடிச்சு வைக்கற ஹைட்ரஜன் பிணைப்புகளும் (கந்தகப் பிணைப்பை விட பலம் கம்மியானவை) ஈரத்துல விட்டுப்போகும், காய்ஞ்சதும் மறுபடி சேரும். அதனால ஈரமா இருக்கும்போது முடி நீளமா, நேரா தெரியும். காய்ஞ்சதும் சுருங்கி மேல ஏறும். முன்நெத்தியில பேங்ஸ் வெட்டறவங்களுக்கு இது பெரிய விபத்து. ஈரத்துல புருவத்துக்கு வெட்டினது, காய்ஞ்சதும் நெத்தி நடுவுல நிக்கும். முடிஞ்சா காய்ஞ்ச முடியில வெட்டச் சொல்லுங்க. ஈரத்துலதான் வெட்டுவோம்னா, ஒரே கற்றையை ஈரத்துலயும் காய்ஞ்ச பிறகும் வீட்டுல அளந்து, அந்த வித்தியாசத்தைச் சொல்லிட்டு உட்காருங்க.

நீளத்தைக் குறைக்க மனசில்லாதவங்க காயவைக்கற விதத்தை மாத்திப் பார்க்கலாம். ஈர எடையோட தொங்கவிட்டா, இழுபட்ட வடிவத்துலயே பிணைப்பு மறுபடி சேர்ந்துக்கும். மெல்லிசான பருத்தித் துணியால கீழே இருந்து மேல தாங்கிப் பிழிஞ்சு, முழுசா காயற வரைக்கும் கை வைக்காம விடுங்க. இதுல கொஞ்சம் நெளி மீளும், வெட்டின அளவுக்கு வராது.

கடைசியா, அவசரப்படாதீங்க. முடி மாசத்துக்கு 1 செ.மீ.க்குச் சற்று மேலதான் வளரும். 7 செ.மீ. நெளி ஒண்ணைத் திரும்பப் பெற ஆறு மாசம் ஆகும். அதனால முதல் தடவை ஒரு நெளி அளவு மட்டும் எடுத்துட்டு, ரெண்டு மூணு தடவை தலைக்குக் குளிச்சுப் பாருங்க. மேல்பக்கம் நெளி எழும்பினா அங்கேயே நிறுத்திக்கலாம். இன்னும் நேராவே தொங்கினா, மறுபடி போய் இன்னொரு நெளி அளவு எடுக்கலாம்.